பழம்பொருள் பேணல்: பிளந்த துப்பாக்கிக் கட்டை

வீணை, வெண்கலப் பாத்திரம், மரப்பெட்டி, சுவர்க் கடிகாரம் என்று நம் இல்லங்களில் தலைமுறை தாண்டி நிற்கும் பொருள்களைப் பற்றி இப்பகுதியில் எழுதிவருகிறோம். இம்மாதம் அன்பர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி சற்றுப் புதுமையானது. அவருடைய பாட்டனார் டுவார்ஸ் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். அக்காலத்தில் முறைப்படி உரிமம் பெற்று அவர் வாங்கிய .275 வேட்டைத் துப்பாக்கி, பின்னர் தந்தையார் பெயருக்கும், இப்போது அன்பரின் பெயருக்கும் மாறி வந்திருக்கிறது. அதன் மரக்கட்டை இரும்பு முடியும் இடத்தில் தொடங்கிக் கைப்பிடி வரையில் பிளந்திருக்கிறதாம். தோட்டாப் பெட்டிக்கு முன்புறமும் ஒரு மெல்லிய பிளவு தெரிகிறதாம். தெரிந்த தச்சர் ஒருவர் பிசின் ஊற்றி இறுக்கித் தருவதாகச் சொல்கிறார். அது பிடிக்காவிட்டால், பழையதை அளவு பார்த்துத் தேக்கில் புதுக்கட்டை செய்து தரவும் அவர் தயார். "இவ்விரண்டில் எது நல்லது?" என்பது அன்பரின் கேள்வி.

இரண்டும் நல்லதல்ல என்பதே நம் விடை. தச்சரின் கைத்திறனைக் குறைத்து இவ்வாறு சொல்லவில்லை. துப்பாக்கிக் கட்டையின் வேலை இன்னதென்று அறிந்தால், காரணம் தானே விளங்கும்.

கட்டை என்பதை வங்காளிகள் 'குந்தோ' என்பர். நம்மில் பலர் அதனைப் பிடிப்பதற்கான கைப்பிடி என்றே எண்ணுகிறோம். பிடிப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். தோட்டா வெடிக்கும் கணத்தில் .275 போன்ற துப்பாக்கியின் வெடியறைக்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50,000 ராத்தல் அழுத்தம் உண்டாகிறது. குண்டு முன்னே பாய, குழலும் அதனோடு சேர்ந்த இரும்பும் பின்னே உதைக்கின்றன. அந்த உதைப்பை வாங்கித் தோளுக்குக் கடத்துவது மரம். அத்துடன், ஒவ்வொரு முறை சுடும்போதும் இரும்பு அதே இடத்தில், அதே விதமாக அமர்ந்திருக்குமாறு பிடித்துவைப்பதும் மரந்தான். இரும்பின் இருக்கை ஒரு மயிரிழை அசைந்தாலும், நூறு கஜத்துக்கு அப்பால் குண்டு சில அங்குலம் விலகிப் போகும்.

கட்டையின் பெருமைக்கு நம் கொல்கத்தா வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர் கைக்கு மாறிய நிகழ்ச்சியைப் பலர் படித்திருப்பீர்கள். அந்த மௌசரின் உறை மரத்தால் ஆனது. உறையைக் கழற்றிக் கைப்பிடியின் பின்னால் மாட்டினால் அதுவே தோளில் தாங்கும் கட்டையாகிவிடும். ஒரு கையில் பிடித்து அருகில் சுடும் ஆயுதம், ஒரு துண்டு மரம் சேர்ந்ததும் தொலைவில் குறி பார்த்துச் சுடும் ஆயுதமாக மாறிற்று.

அன்பருடைய துப்பாக்கியின் வகையும் இந்நகரத்தோடு தொடர்புடையது. நேபாளத்திலும் குமாவூன் மலைப்பகுதியிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் 1907-ல் சுட்டு வீழ்த்தினார். அதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு .275 ரிக்பி துப்பாக்கியைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பெனி மௌசர் அமைப்பில் செய்த அத்துப்பாக்கி, கல்கத்தா மாண்டன் கம்பெனி வழியாக விற்கப்பட்டது. பரிசளித்த செய்தியைப் பொறித்த வெள்ளித் தகடு அதன் மரக்கட்டையில்தான் பதிக்கப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தார் வசம் இருந்த அதனை, 2015-ல் ரிக்பி கம்பெனியாரே திரும்பப் பெற்றனர். குழலும் இரும்பும் அதே வகையில் எத்தனையோ உண்டு. இது கார்பெட்டின் துப்பாக்கி என்று சொல்லி நிற்பது அந்த மரமும் அதன்மீதுள்ள தகடும் ஆகும்.

இனி, கட்டை ஏன் பிளந்தது என்று பார்ப்போம். மௌசர் அமைப்பில், வெடியறைக்குக் கீழே இரும்பில் ஒரு தடித்த முளை இருக்கும். உதைப்பு முழுவதையும் அந்த முளையே மரத்தின்மீது ஏற்ற வேண்டும். அம்முளைக்குப் பின்னால் உள்ள மரச்சுவரில் அது நன்றாகப் படிந்திருக்கும்வரை கவலையில்லை. நாளடைவில் எண்ணெய் ஊறியோ, மரம் வற்றியோ, திருகாணி தளர்ந்தோ அச்சுவர் நசுங்கிவிட்டால், முளை மரத்தைத் தொடுவதற்கு முன்பே இரும்பின் வால்பகுதி, அதாவது கைப்பிடிக்கு மேலே ஒடுங்கி முடியும் நுனி, மரத்தில் போய் இடிக்கிறது. அந்த நுனி ஆப்பு வடிவானது. விறகைப் பிளக்க ஆப்பு அடிப்பதுபோல், ஒவ்வொரு வெடிக்கும் அது மரத்தைப் பிளக்கிறது. அன்பர் சொல்லும் இரண்டு பிளவுகளும் ஒரே நோயின் அறிகுறிகள். முன்பிளவு முளையின் இருக்கை கெட்டதைக் காட்டுகிறது. பின்பிளவு அதன் விளைவு. பின்பிளவில் பிசினை ஊற்றி மூடினால், ஆப்பு அங்கேயே இருக்கும். அடுத்த சில வெடிகளில் கைப்பிடி முறியலாம். முறியும் இடம் சுடுபவரின் முகத்துக்கு அருகில் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நுனியில் மட்டும் மெல்லிய கீறல் இருந்தால், தேர்ந்த கைவினைஞர் ஒட்டி, உள்ளே ஓர் ஊசி பாய்ச்சி, ஆப்பு இடிக்கும் இடத்தைச் சிறிது குடைந்து விட்டுப் பழைய கட்டையையே காப்பாற்றலாம். கைப்பிடி வரையில் பிளந்து, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன கட்டைக்குப் புதியதே வழி. எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பிசினும் நிலைத்துப் பிடிப்பதில்லை.

புதுக்கட்டைக்குத் தேக்கு ஏன் ஆகாது? தேக்கு மழைக்கும் கறையானுக்கும் அஞ்சாத மரம். கதவுக்கும் கப்பலுக்கும் அதற்கு நிகர் இல்லை. ஆயினும் அதன் நார் நேராக ஓடி, திடீரென்று வரும் அதிர்ச்சியில் எளிதாகப் பிளவுபடும். உலகெங்கும் துப்பாக்கிக் கட்டைக்கு விரும்பப்படுவது அக்ரோட்டு மரம். அது கனத்தில் குறைவு. அதிர்ச்சியைத் தாங்கும். உளிக்கு இணங்கிச் சிதறாமல் செதுக்கப்படும். ஈரத்திலும் வெயிலிலும் மிகுதியாக முறுக்கிக்கொள்ளாது. நம் நாட்டில் காஷ்மீரத்து அக்ரோட்டு பெயர் பெற்றது. அங்கு அம்மரத்தை வெட்ட அரசாங்க அனுமதி வேண்டும் என்பதால் அது மலிவாகக் கிடைப்பதில்லை. சீசம் மரத்திலும் கட்டைகள் உண்டு. அவை உறுதியானவை, ஆனால் கனம் மிகுந்தவை. எந்த மரமானாலும், கைப்பிடிப் பகுதியில் நார் ஓட்டம் கட்டையின் நீளவாட்டத்திலேயே செல்ல வேண்டும். குறுக்கே வெட்டிச் செல்லும் நார் எவ்வளவு அழகிய வரிகளைக் காட்டினாலும் அங்கே முறியும்.

இன்னொன்று. வறண்ட ஊரிலிருந்து வரும் மரத்தை வந்த அன்றே செதுக்கத் தொடங்கலாகாது. மழைக்காலத்தில் நம் நகரத்துக் காற்றின் ஈரம் 80 விழுக்காட்டையும் தாண்டும். மரம் நீளவாட்டத்தில் அதிகம் மாறாது. குறுக்குவாட்டத்தில் ஈரம் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே சில வாரங்களேனும் அதனை வேலை நடக்கும் அறையிலேயே வைத்திருக்க வேண்டும். ஊர் மாறி வந்தவர்கள் புதிய ஊரின் காற்றுக்குப் பழகச் சிறிது காலம் பிடிக்கும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரத்துக்கும் அதே கதைதான்.

இக்காலத்தில் கட்டைகள் பெரும்பாலும் பாதி குடைந்த நிலையில் கிடைக்கின்றன. வெளிவடிவம் ஏறக்குறைய முடிந்து, இரும்பு அமரும் பள்ளம் சிறிது குறைவாக வெட்டப்பட்டிருக்கும். எஞ்சிய வேலையே உண்மையான வேலை. அதனை எவ்வாறு செய்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்வோம். தம் பொருளை ஒருவரிடம் ஒப்படைப்பவர், அவர் செய்வது சரிதானா என்று அறியும் அளவுக்காவது இதனைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை உறுதி செய்து, தாழைக் கழற்றி வைக்கிறார்கள். பிறகு, கீழிருந்து மேலாகச் செல்லும் இரண்டு திருகாணிகளுக்குப் பதிலாக, தலையற்ற நீண்ட திருகுகளை இரும்பில் மாட்டுகிறார்கள். கட்டையின் துளைகளில் இத்திருகுகள் இறங்குவதால், இரும்பு ஒவ்வொரு முறையும் சாயாமல் நேரே அதே இடத்தில் இறங்கும். இரும்பின் அடிப்பாகத்தில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து மெல்லியதாகப் பூசுகிறார்கள். கட்டையில் இறக்கி, மெல்ல அழுத்தி, நேரே தூக்குகிறார்கள். மரத்தில் எங்கெங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மரம் தடுக்கிறது என்று பொருள். அந்தக் கரி பட்ட இடத்தை மட்டும் கூரிய உளியாலோ சுரண்டியாலோ ஒரு மெல்லிய தோல் அளவு எடுக்கிறார்கள். மறுபடி கரி, மறுபடி இறக்கம், மறுபடி சுரண்டல். இவ்வாறு பல பத்து முறை செய்தால்தான் இரும்பு தன் இடத்தில் போய் அமரும். அவசரப்பட்டு ஒரே வெட்டில் ஆழமாக எடுத்துவிட்டால், எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க வழியில்லை.

இதிலிருந்து, எல்லா இடத்திலும் மரமும் இரும்பும் இறுக ஒட்டியிருப்பதே சிறந்த வேலை என்று தோன்றலாம். அப்படியன்று. எங்கே தொட வேண்டும், எங்கே தொடக் கூடாது என்று அறிந்து செய்வதே இத்தொழிலின் உயிர். தச்சரின் கண் இடுக்கில்லாமல் பொருத்துவதில் பழகியது. நல்ல கதவுக்கும் நல்ல பெட்டிக்கும் அதுதான் இலக்கணம். துப்பாக்கிக்கு அந்த இலக்கணத்தைக் கொண்டுவந்தால், வால்நுனியையும் இறுகப் பொருத்திவிடுவார். பழைய கட்டையைப் பிளந்த அதே ஆப்பைப் புதுக்கட்டைக்குள்ளும் வைத்ததாக அது முடியும்.

தொட வேண்டிய இடங்கள் இவை: உதைப்பு முளையின் பின்முகம், அதன் அகலம் முழுவதும் ஒரே சீராக மரத்தில் படிய வேண்டும். வெடியறையின் அடிப்பாகம் சமமாக அமர வேண்டும். பின்திருகாணி உள்ள வால்பகுதியின் அடி, முறுக்கம் இல்லாமல் அமர வேண்டும். தொடக் கூடாத இடங்கள் இவை: உதைப்பு முளையின் முன்முகம், பக்கங்கள், அடி ஆகியவற்றைச் சுற்றிச் சிறிது இடைவெளி வேண்டும். வால்நுனிக்குப் பின்னால் ஒரு தடித்த காகிதத்தின் கனமேனும் வெற்றிடம் வேண்டும். தோட்டாப் பெட்டி மேலுள்ள இரும்புக்கும் கீழுள்ள தகட்டுக்கும் இடையே இறுகிக்கொள்ளாமல் சற்று விளையாட்டுடன் இருக்க வேண்டும். அது இறுகினால் திருகாணி முறுக்கும்போது இரும்போடு இரும்பு முட்டி நிற்குமேயன்றி, மரத்தைப் பிடிக்காது.

குழலைப் பற்றி இரு கொள்கைகள் உண்டு. வெடியறையை அடுத்த ஓரிரு அங்குலம் தவிர, மற்ற நீளம் முழுவதும் மரத்தைத் தொடாமல் விட்டுவிடுவது ஒன்று. முன்நுனியில் மட்டும் மரம் சில ராத்தல் விசையுடன் குழலை மேல்நோக்கித் தாங்குமாறு அமைப்பது மற்றொன்று. பின்னதும் நன்றாகவே சுடும். ஆனால் மரம் ஈரத்தில் உப்பும்போது அந்த விசை மாறும். விசை மாறினால் குறியும் மாறும். நம் ஊர் ஈரத்துக்கு முன்னதே ஏற்றது. ஒரு ரூபாய் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி இழுத்துப் பார்த்தால், எங்கும் தடுக்காமல் பின்வரை செல்ல வேண்டும்.

வேலை முடிந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரு திருகாணிகளையும் இறுக்கியபின், குழலும் கட்டையின் முன்நுனியும் சேருமிடத்தில் ஒரு விரலை இரண்டிலும் படுமாறு வைத்துக்கொண்டு, பின்திருகாணியைத் தளர்த்த வேண்டும். விரலுக்கு அசைவு ஏதும் தெரியாவிட்டால், இரும்பு வளையாமல் அமர்ந்திருக்கிறது. குழல் எழும்புவதோ தாழ்வதோ தெரிந்தால், திருகாணியின் விசையால் இரும்பை மரத்துக்கேற்ப வளைத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த வேலையை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மரத்தை மட்டுமே நம்பாமல், இடையில் பிசின் இட்டு இரும்புக்கு இருக்கை அமைக்கும் முறையும் வழக்கத்தில் உள்ளது. நம் வாசகர்களுக்கு இது வீணையைக் கொண்டு எளிதில் விளங்கும். வீணையின் 24 பித்தளை மெட்டுகளை நேரே மரத்தில் பதிப்பதில்லை. கருமெழுகு இட்டு, அது இளகியிருக்கையில் மெட்டை அதனதன் சுருதியில் அமர்த்தி இறுகவிடுகிறார்கள். மெழுகு மெட்டின் அடியை அப்படியே அச்செடுத்துக்கொள்கிறது. துப்பாக்கியிலும் அவ்வாறே, முளைக்குப் பின்னாலும் வெடியறைக்கு அடியிலும் மரத்தைச் சிறிது குடைந்து எடுத்து, கண்ணாடி நார் கலந்த எபாக்சிப் பிசினை இட்டு, இரும்பை இறக்கி இறுகவிடுகிறார்கள். இறுகிய பிசின் ஈரத்தில் உப்புவதில்லை. முளையின் உதைப்பில் எளிதில் நசுங்குவதுமில்லை. மழைக்காலத்துக் கொல்கத்தாவுக்கு இது மிகப் பொருத்தமானது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வீணை மெழுகைச் சூடு காட்டினால் இளக்கலாம்; எபாக்சியை அவ்வாறு எளிதில் இளக்க முடியாது. இரும்பின்மீது ஒட்டாமைக்கான மெழுகுப் பூச்சை முன்னரே தடவாவிட்டாலும், திருகுத் துளைகளைக் களிமண்ணால் அடைக்காவிட்டாலும், இரும்பும் மரமும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு கட்டையை உடைத்துத்தான் இரும்பை எடுக்க வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது ஒரே துண்டாக உள்ள கட்டைக்கு. இரு துண்டுக் கட்டை உள்ள துப்பாக்கிகளும் உண்டு. பெங்களூரில் வாழ்ந்து ஜவளகிரி, தர்மபுரிப் பக்கத்துக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் கையாண்ட .405 வின்செஸ்டர் அத்தகையது. நம் நாட்டு வீடுகளில் அதிகம் காணப்படும் .315 துப்பாக்கியும் இவ்வினமே. நம் நகரத்துக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாப்பூரில் 1904-ல் தோன்றிய துப்பாக்கித் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு படைத்துப்பாக்கிகளைச் செய்துவந்தது. படையினரின் .303 தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்ததால், அதே அமைப்பில் வேறு அளவுத் தோட்டாவுக்கு ஏற்றதாகப் பொதுமக்களுக்கென அங்கு செய்யப்பட்டதே .315. இத்தொழிற்சாலையும், 1966-ல் தொடங்கிய நம் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையும், 2021 அக்டோபர் முதல் ஒரே அரசாங்கக் கம்பெனியின் கீழ் வந்துவிட்டன.

லீ-என்ஃபீல்டு இனத்தில் பின்கட்டையை, அதன் நடுவே நீளவாட்டில் செல்லும் ஒரு நீண்ட திருகாணி இரும்புக் குவளையோடு இறுக்குகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய படைத்துப்பாக்கிகளில் அத்திருகாணியின் நுனி சதுரமாக இருக்கும். அது குவளையைத் தாண்டி, முன்கட்டையின் பின்புறமுள்ள ஒரு தகட்டில் போய்ச் செருகியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் திருகாணியைத் திருப்பினால், சதுரநுனி தகட்டைத் திருக்க, தகடு முன்கட்டையைப் பிளந்துவிடும். பின்கட்டையை மாற்றப் போய் முன்கட்டையையும் இழப்பது இப்படித்தான். முன்கட்டையை முதலில் கழற்று என்பது இவ்வினத்துக்கு மாறாத விதி. இதில் உதைப்பைத் தாங்குவது, முன்கட்டையின் பின்முனையில் இடமும் வலமுமாக உள்ள இரண்டு சிறு முகங்கள். இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் இரும்பைத் தொட வேண்டும். ஒன்று மட்டும் தொட்டால் குறி ஒரு பக்கமாக ஒதுங்கும். மரமும் அந்தப் பக்கம் பிளக்கும். இச்சாப்பூரில் செய்த படைத்துப்பாக்கிகள் பலவற்றில், மரம் பிளவாமல் இருக்க முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி பாய்ச்சியிருப்பதைக் காணலாம். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் கட்டையைப் படுத்தும் பாட்டை அத்தொழிலாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களுக்குப் பதின்மூன்றரை அங்குலம் பொதுவான அளவு. படைத்துப்பாக்கியின் பின்கட்டைகளே அரையங்குல வேறுபாட்டில் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று செய்யப்பட்டன. வெள்ளைக்கார துரையின் கைக்கு வெட்டிய கட்டை நம்மவருக்கு நீளமாக இருக்கலாம். புதிதாகச் செய்யும்போது அதனையும் சரிசெய்து கொள்ளலாம்.

பொருத்தி முடிந்ததும், கட்டையின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயைக் கையால் சூடு பறக்கத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததைப் பூசுகிறார்கள். வெளியே பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு உட்புறத்தை மறப்பவர் பலர். ஈரம் நுழைவது உட்பள்ளத்தின் வழியாகவும், நாரின் முனை திறந்திருக்கும் பின்முனை வழியாகவும்தான். அங்கெல்லாம் வார்னிஷோ எண்ணெயோ நன்றாக ஊற வேண்டும். பின்தகட்டைக் கழற்றி உட்புறத்தைப் பூசியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் யார் செய்வது? இங்கே சட்டம் குறுக்கிடுகிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியை விற்பதற்கு மட்டுமன்றிப் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத தச்சரிடம் துப்பாக்கியை விட்டுவருவது அவரையும் வம்பில் மாட்டும், உங்களையும் மாட்டும். உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமே கொண்டு சென்று, உங்கள் உரிமத்தைக் காட்டி, ஒப்படைத்ததற்கு எழுத்து மூலமான ரசீது பெற வேண்டும். சந்தேகம் இருந்தால், நகரத்துக்குள் இருப்போர் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தையும், மாவட்டங்களில் இருப்போர் மாவட்ட மாஜிஸ்திரேட் அலுவலகத்தையும் முன்னரே கேட்டுக்கொள்வது உத்தமம். 2019-ல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது என்பதையும் பரம்பரைத் துப்பாக்கி உள்ள குடும்பத்தார் மறக்கலாகாது.

"வேட்டையே இல்லாத காலத்தில் இதற்கு இவ்வளவு பாடா?" என்று சிலர் கேட்கலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைக்காலம் முடிந்துவிட்டது உண்மை. அது முடிந்ததில் நமக்கு வருத்தமும் இல்லை. துப்பாக்கியைப் பயன்படுத்த விரும்பாதவர், அதனை முறைப்படி அரசிடமோ வியாபாரியிடமோ ஒப்படைத்துவிடலாம். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. வைத்திருக்க விரும்புகிறவர் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். பரணில் கிடக்கும் பழைய வெண்கல உருளியில் விரிசல் இருந்தால் பால்தான் ஒழுகும். துப்பாக்கியில் விரிசல் இருந்தால், அது தெரியாமல் நாளை அதனை எடுத்துச் சுடும் பிள்ளையின் முகத்துக்கே ஆபத்து. சுடுவதில்லை என்று நீங்கள் முடிவு செய்யலாம். உங்களுக்குப் பின் அதனைப் பெறுபவர் என்ன முடிவு செய்வார் என்பதை நீங்கள் அறிய முடியாது. ஆகவே அன்பர் புதுக்கட்டை போடும்வரை, அதில் ஒரு தோட்டாவும் வெடிக்கலாகாது.

கடைசியாக, அன்பர் கேட்காத ஒன்று. பாட்டனார் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த சிறு வெள்ளித் தகடு பழைய கட்டையில் இருப்பதாகக் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறார். அதனைப் பெயர்த்துப் புதுக்கட்டையில் பதிக்க வேண்டாம் என்பது நம் யோசனை. பழைய கட்டையைத் தகட்டோடு திரும்பத் தருமாறு வியாபாரியிடம் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைத்தால், மரம் அவர் கை பட்டதாகவே இருக்கும். புதிய கட்டையோடு கூடிய துப்பாக்கியைத் தோல் உறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவேற்றும். பூட்டிய அலமாரியில் குழல்வாய் கீழ்நோக்கி இருக்குமாறு நிறுத்தினால், இரும்புக்கு இட்ட எண்ணெய் கட்டையில் இறங்கி ஊறாது. ஒரு மழைக்காலம் கழிந்து மார்கழியில் காற்று உலர்ந்ததும், திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று அந்த வியாபாரியிடமே ஒருமுறை காட்டுங்கள். புதுமரம் தன் முதல் ஆண்டில்தான் அதிகம் அசையும்.